சந்தாதாரர் பட்டியல் பெருகியது, மடல்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போயின: அனுப்புநர் நற்பெயரை மீட்பது எப்படி?

ஏட்டுச்சுவடி (கேள்வி):

வணக்கம். வானியல் குறித்த வாராந்தரச் செய்திமடல் ஒன்றை 6 ஆண்டுகளாக மின்னஞ்சலில் அனுப்பி வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு வரை 12,000 சந்தாதாரர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 42 சதவீதத்தினர் ஒவ்வொரு மடலையும் திறந்ததாகக் கணக்குக் காட்டியது. பாராட்டியோ பிழை சுட்டியோ வாரந்தோறும் சிலர் பதிலும் எழுதுவார்கள்.

அந்தச் சமயத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தேன். பழைய அனுப்பும் சேவையை விட்டு, வசதிகள் கூடுதலாக உள்ள வேறொரு சேவைக்கு மாறினேன். அதே வாரத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நடத்திய இணையவழி உரைகளுக்குப் பதிவு செய்திருந்த 6,500 பேரின் முகவரிகளையும் பட்டியலில் சேர்த்தேன். அவர்கள் தாமாகவே முகவரி தந்தவர்கள் என்பதால் அதில் தவறில்லை என்று நினைத்தேன். சேர்த்த பின் சென்ற முதல் மடலிலேயே ஏறத்தாழ 900 முகவரிகள் ‘550 5.1.1’ (அப்படியொரு முகவரியே இல்லை) என்ற குறியீட்டுடன் திரும்பி வந்தன. சேவை அவற்றைத் தானாகவே நீக்கிவிட்டது.

இரண்டாவது மடலின்போது ஜிமெயிலில் நம் மடல்களின் நிலையை அனுப்புநருக்குக் காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பேம் புகார் விகிதம் 0.4 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் அது தானாகவே இறங்கி, கடந்த ஐந்து வாரங்களாக 0.05 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. ஆகவே சிக்கல் தீர்ந்துவிட்டது என்றே நம்பினேன். ஆனால் திறப்பு விகிதம் 11 சதவீதத்திலேயே நிற்கிறது. நெடுநாள் வாசகர்கள் பலர் மடல் வருவதே இல்லை என்கிறார்கள்; தேடிப் பார்த்தால் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறதாம்.

அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம் (மடலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (அவ்விரண்டும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது) மூன்றும் ‘பாஸ்’ என்றே காட்டுகின்றன. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? புதிய டொமைன் ஒன்றை வாங்கி முதலிலிருந்து தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். மற்ற அனுப்புநர்களோடு பகிராத தனி ஐபி முகவரி (மடலை அனுப்பும் சர்வரின் இணைய எண்) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சேவையின் விற்பனைப் பிரிவினர். இவற்றில் எது முறையானது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


தலைப்புவரி:

மூன்றும் ‘பாஸ்’ என்பது மட்டும் போதாது. யாருடைய டொமைனின் பெயரில் பாஸ் ஆகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். எஸ்பிஎஃப் சோதிப்பது வாசகரின் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியை அன்று. திரும்பிவரும் மடல்கள் போய்ச் சேர வேண்டிய, உறைமேல் இருக்கும் மறைவான முகவரியைத்தான் அது சோதிக்கிறது. பெரும்பாலான சேவைகளில் அந்த முகவரி சேவையின் சொந்த டொமைனில் இருக்கும். எனவே சேவைக்கு எஸ்பிஎஃப் பாஸ் ஆகும். உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இராது. டிமார்க் கேட்பது, எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வாசகருக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை.

மடலின் மூல வடிவத்தைத் திறந்து, டிகேஐஎம் கையொப்ப வரியில் ‘டி’ என்ற குறிக்கு எதிரே எந்த டொமைன் இருக்கிறது என்று பாருங்கள். போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் உங்கள் டொமைனுக்கு எண்கள் தெரிவதால் அது உங்களுடையதாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆயினும் செய்திமடலோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சந்தா உறுதிப்படுத்தல், தொடர்புப் படிவத்தின் பதில் என உங்கள் பெயரில் வெளியே போகும் ஒவ்வொரு வகை மடலையும் இதே முறையில் சோதியுங்கள். சேவை மாறும்போது நழுவிப்போவது பெரும்பாலும் இவைதாம். பழைய சேவையின் பதிவு இன்னும் எஸ்பிஎஃப் வரியில் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். எஸ்பிஎஃப் சோதனைக்கு 10 டிஎன்எஸ் (டொமைன் விவரங்களைத் தரும் இணைய அடைவு) தேடல்கள் என்ற உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் முழு வரியுமே செல்லாததாகிவிடும்.


ஏட்டுச்சுவடி:

மிக்க நன்றி. செய்திமடலில் ‘டி’ குறிக்கு எதிரே எங்கள் டொமைன்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஐயுற்றது வேறோர் இடத்தில் உண்மையாகிவிட்டது. சந்தாவை உறுதிப்படுத்தக் கோரும் மடல் முன்பு பழைய சேவை வழியாகச் சென்றது. இப்போது அது இணையதளத்தின் சர்வரிலிருந்து நேரடியாகப் போகிறது. அதில் டிகேஐஎம் கையொப்பம் இல்லை, அந்தச் சர்வரின் பெயர் எஸ்பிஎஃப் வரியிலும் இல்லை. மூன்று மாதங்களாகப் புதிய சந்தாதாரர்கள் குறைந்ததற்கு ஆர்வக் குறைவே காரணம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றே அதைச் சரிசெய்கிறேன். எனினும் செய்திமடலின் கதை இதனால் விளங்கவில்லை.


வழங்கிக்காவலர்:

பல ஆண்டுகளாக மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்களை ஆறுதல்படுத்திய அந்த 0.05 சதவீதத்தைப் பற்றி. ஜிமெயில் புகார் விகிதத்தைக் கணக்கிடும்போது, அனுப்பிய மடல்களின் எண்ணிக்கையால் வகுப்பதில்லை; தொடர்ந்து கணக்கைப் பயன்படுத்துவோரின் இன்பாக்ஸில் போய்ச் சேர்ந்த மடல்களின் எண்ணிக்கையால்தான் வகுக்கிறது. ஏற்கெனவே ஸ்பேம் பெட்டியில் விழுந்த மடலை யாரும் மறுபடி ஸ்பேம் என்று புகார் செய்ய மாட்டார்கள் அல்லவா? உங்கள் பட்டியலில் ஜிமெயில் முகவரிகள் 11,000 இருப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் அத்தனையும் இன்பாக்ஸுக்குப் போயிருந்தால், 44 பேர் புகார் பொத்தானை அழுத்தியதால் 0.4 சதவீதம் வந்திருக்கும். அதைக் கண்ட ஜிமெயில் அடுத்தடுத்த வாரங்களில் 9,000 மடல்களை நேரே ஸ்பேம் பெட்டிக்குத் திருப்பிவிட்டு, உங்கள் மடலை விடாமல் படிக்கும் 2,000 பேருக்கு மட்டும் இன்பாக்ஸில் வைக்கிறது. அந்த 2,000 பேரில் ஒருவர் புகார் செய்தால் 0.05 சதவீதம். ஆக, நீங்கள் நலமடைந்ததற்கு அடையாளமாகக் கருதிய எண், உண்மையில் நோய் முற்றியதன் அடையாளம். புகார் விகிதமும் திறப்பு விகிதமும் ஒருசேர விழுந்தால் பொருள் இதுதான். இந்த எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து, அடையாளச் சரிபார்ப்பு சரியாக இருந்தும் ஏன் என்ற கேள்வி. மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வரையறுக்கப்பட்டபோது, அனுப்புபவர் தம் பெயராக எதை எழுதினாலும் சர்வர் அதை அப்படியே நம்பியது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பின்னர் ஒட்டுப்போட்டவை. இந்த மடல் உண்மையிலேயே இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த டொமைன் நல்லதா கெட்டதா என்று அவை சொல்வதில்லை. ஸ்பேம் அனுப்புபவர்களும் இவற்றைக் குறையின்றி அமைத்துக்கொள்கிறார்கள். சொல்லப்போனால், உங்கள் அமைப்பு சரியாக இருந்ததால்தான் 44 புகார்களும் சிந்தாமல் சிதறாமல் உங்கள் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டன.

நற்பெயர் என்பது பெறுநர்கள் உங்கள் மடலை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி அஞ்சல் நிறுவனம் வைத்திருக்கும் நினைவு. திறந்தார்களா, பதில் எழுதினார்களா, ஸ்பேம் பெட்டியிலிருந்து மீட்டார்களா, படிக்காமலே அழித்தார்களா, புகார் செய்தார்களா, அப்படியொரு முகவரியே இல்லையா என்பன எல்லாம் அதில் சேர்கின்றன. ஐபி முகவரிக்கு ஒரு நினைவு, டொமைனுக்கு ஒரு நினைவு, மடலுக்குள் இருக்கும் இணைப்புகளின் டொமைன்களுக்குக்கூட ஒரு நினைவு உண்டு. நீங்கள் ஒரே வாரத்தில் ஐபி முகவரியை மாற்றினீர்கள், அனுப்பும் அளவை ஒன்றரை மடங்காக்கினீர்கள், கூடவே ஐந்தாண்டுகளாக உங்களிடமிருந்து ஒரு சொல்லும் கேட்டிராத 6,500 பேரைச் சேர்த்தீர்கள். வடிகட்டியின் பக்கம் நின்று பாருங்கள்: இதுவரை ஒழுங்காக இருந்த ஒரு டொமைன் திடீரென்று அறிமுகமில்லாத இடத்திலிருந்து, முன்னில்லாத அளவில், இல்லாத முகவரிகளுக்கெல்லாம் மடல் அனுப்புகிறது. யாரோ கணக்கைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று அது முடிவு செய்தால் குறை சொல்ல முடியாது. இரண்டு மாற்றங்களையும் ஆறு வார இடைவெளியில் செய்திருந்தால், எது காரணம் என்றாவது பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

900 முகவரிகள் திரும்பியதில் வியப்பு இல்லை. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. ஐந்தாண்டுப் பழைய பட்டியலில் அப்படிப்பட்டவை நிறையவே இருக்கும். திரும்பி வந்த முகவரிகளைவிட எனக்கு அச்சம் தருவது திரும்பி வராத சில முகவரிகள். கைவிடப்பட்ட முகவரிகள் சிலவற்றைச் சில காலம் மூடி வைத்திருந்து, பிறகு ஸ்பேம் பொறிகளாக மீண்டும் திறந்துவிடும் வழக்கம் உண்டு. அவை மடலைப் பணிவோடு பெற்றுக்கொள்ளும், ஒருபோதும் திறக்காது, உங்களைக் குறித்துக்கொள்ளும். 1998-இல் தொடங்கப்பட்ட ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியல்கள் உருவாவதில் இப்பொறிகளுக்குப் பங்கு உண்டு. எனவே உங்கள் டொமைனையும் ஐபி முகவரியையும் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

புதிய டொமைன் வேண்டவே வேண்டாம். பழைய பெயரில் ஆறாண்டு நல்ல வரலாறும் மூன்று மாதக் கெட்ட வரலாறும் இருக்கின்றன. புதிய பெயரில் எந்த வரலாறும் இராது. நேற்றுப் பதிவான டொமைனிலிருந்து இன்று ஆயிரக்கணக்கான மடல்கள் புறப்படுவது ஸ்பேம் அனுப்புபவர்களின் வழக்கமே என்பதால் வடிகட்டிகள் அதை இன்னும் கடுமையாக நடத்தும். தனி ஐபியும் உங்களுக்குப் பொருந்தாது. நாள்தோறும் சீராகப் பெருமளவில் அனுப்புபவர்களுக்கே அது பயன்படும். வாரம் ஒருமுறை 12,000 மடல்கள் என்பது அந்த முகவரியைப் பற்றி அஞ்சல் நிறுவனங்கள் ஒரு கருத்துக்கு வருவதற்கே போதாது. நல்ல சேவையின் பொது ஐபித் தொகுப்பில், ஒழுக்கமான மற்ற அனுப்புநர்களின் துணையோடு இருப்பதே மேல். விற்பனைப் பிரிவினர் விற்பதைத்தான் சொல்வார்கள்.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் வேலைதான். புதிதாகச் சேர்த்த 6,500 முகவரிகளுக்கும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ‘உங்களுக்கு இன்னும் விருப்பமா?’ என்று கேட்கும் கடைசி மடல்கூட வேண்டாம். பழைய 12,000 பேரில், இணைப்பைச் சொடுக்கியவர்கள், பதில் எழுதியவர்கள், அண்மையில் சேர்ந்தவர்கள் ஆகியோரை மட்டும் பிரித்தெடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: கடந்த மூன்று மாதங்களின் கணக்கை வைத்து அவர்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் சொடுக்காதவர்களில் பலர் மடலைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள். சிக்கலுக்கு முந்தைய மூன்று மாதங்களின் கணக்கை எடுங்கள்; பழைய சேவையில் அது இன்னும் இருந்தால் உடனே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். 2,000 அல்லது 3,000 பேர் தேறினால் அதுவே போதும். அதே அனுப்புநர் பெயர், அதே முகவரி, அதே கிழமை என்று எதையும் மாற்றாமல் மூன்று நான்கு வாரங்கள் அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். நிலைமை தேறத் தேற, அடுத்த நிலை ஆர்வலர்களை வாரம் சில நூறு பேராகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

ஸ்பேம் பெட்டியில் பார்க்கும்படி மடலிலேயே எழுதிப் பயனில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இணையதளத்திலும், வாசகர்களோடு நீங்கள் உரையாடும் வேறு இடங்களிலும், மடலை ஸ்பேம் அல்ல என்று குறித்து முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்க்கும்படி கேளுங்கள். அப்படி ஒருவர் மீட்டெடுப்பது, பத்துப் பேர் வெறுமனே திறப்பதைவிட வலுவான சான்று என்பது என் கணிப்பு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு: மடல்கள் மீண்டும் இன்பாக்ஸுக்குள் நுழையத் தொடங்கும்போது புகார் விகிதம் சற்று ஏறலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். கூகுள் வகுத்துள்ள அளவு, 0.1 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, 0.3 சதவீதத்தை எக்காரணத்தாலும் எட்டக் கூடாது என்பது. அதாவது 1,000 மடலுக்கு ஒரு புகார் தாங்கும், மூன்று தாங்காது.


சொடுக்கி:

வழங்கிக்காவலர் அவர்களின் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு, திறக்காதவர்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிட வேண்டும் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. திறப்பு விகிதம் என்ற அளவுகோலே பழுதுபட்டுவிட்டது. மடலில் உள்ள ஒரு படம் இறக்கப்பட்டால்தான் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கு ஏறும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மடலில் உள்ள படங்களை வாசகர் பார்ப்பதற்கு முன்பே தானாக இறக்கிவைக்கிறது. அதனால் படிக்காதவரும் திறந்தவராகக் கணக்கில் ஏறுகிறார். மறுபுறம், படங்களைத் தடுத்து வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் வரிவிடாமல் படிப்பவர் ஒருபோதும் திறக்காதவராகத் தோன்றுகிறார். உங்கள் பழைய 42 சதவீதமும் இந்த இரு பிழைகளையும் சுமந்ததுதான். சொடுக்குகளிலும் பொய் உண்டு. அலுவலக அஞ்சல்களைக் காக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள், மடல் வந்து சேர்ந்த சில நொடிகளில் எல்லா இணைப்புகளையும் தாமே திறந்து சோதிக்கின்றன. ஒரே நொடியில் ஒருவர் பத்து இணைப்புகளைச் சொடுக்கியிருந்தால் அவர் மனிதர் அல்லர்.

ஆகவே ஆறு மாதமாக அசைவே இல்லாதவரை நீக்குவதற்கு முன், அவருக்கு வாரம் ஒன்று என்பதை மாதம் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். நான் நடத்தும் சிறு மடலில் இப்படிக் குறைத்தபோது, செத்துவிட்டதாக நான் நினைத்திருந்த முகவரிகளிலிருந்து பதில்கள் வந்தன.

அன்சப்ஸ்கிரைப், அதாவது சந்தாவிலிருந்து வெளியேறும் வசதி பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. புகார் பொத்தானை அழுத்துபவர்களில் பலர் உங்கள்மேல் கோபம் கொண்டவர்கள் அல்லர். வெளியேறும் வழியைத் தேடிக் களைத்தவர்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், வெளியேறும் இணைப்பைச் சாம்பல் நிறத்தில் மிகச் சிறிய எழுத்தில் வைத்து, அதைச் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும்படி செய்திருந்தார்கள். வெளியேறுவோர் எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று கூட்டத்தில் கைதட்டினார்கள். அடுத்த மாதமே புகார்கள் பெருகி, வாடிக்கையாளர்களின் கடவுச்சொல்லை மீட்கும் மடல்கூட ஸ்பேம் பெட்டிக்குப் போனது. விளம்பர மடலும் கணக்கு சார்ந்த மடலும் ஒரே டொமைனில் போய்க்கொண்டிருந்ததால் வந்த வினை அது. இரண்டையும் தனித்தனிச் சப்டொமைன்களில் (முதன்மை டொமைனின் உட்பிரிவுகளில்) பிரித்து வைத்திருந்தால் சேதம் ஓரளவு அடங்கியிருக்கும்.

ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் உங்களுக்கும் பொருந்தும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மடல்களை ஒருமுறை எட்டிவிட்டாலே, கூகுள் உங்களை நிரந்தரமாகப் பெருமளவு அனுப்புநர் என்று வகைப்படுத்திவிடும்; பிறகு பட்டியலைச் சுருக்கினாலும் அந்தப் பெயர் மாறாது. மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களிடம் 2025 மே மாதம் முதல் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது. ஜிமெயில், யாகூ விதிகளில் ஒன்று, விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் வெளியேறும் வசதி மடலின் ஹெடர் வரிகளிலேயே (வாசகருக்குத் தெரியாமல் மடலோடு செல்லும் தொழில்நுட்பக் குறிப்புகள்) இருக்க வேண்டும், கோரிக்கையை இரண்டு நாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது. இதற்கான நெறிமுறை 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தர ஆவணம். மேலே சொன்னேனே, பாதுகாப்பு மென்பொருள்கள் எல்லா இணைப்புகளையும் திறந்து பார்க்கும் என்று. சாதாரண இணைப்பு வழியாக ஒரே சொடுக்கில் வெளியேற்றினால், வாசகர் அறியாமலே அந்த மென்பொருள் அவரை வெளியேற்றிவிடும். அதனால்தான் இந்த நெறிமுறை, இணைப்பைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு, ‘போஸ்ட்’ முறையில் (பக்கத்தைத் திறந்து பார்க்காமல், தகவலைச் சர்வருக்கு அனுப்பும் முறை) வரும் கோரிக்கையை மட்டுமே வெளியேறும் விருப்பமாக ஏற்கச் சொல்கிறது. உங்கள் புதிய சேவை இதைச் செய்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிறு விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மடலின் எச்டிஎம்எல் அளவு ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். வெட்டப்படும் பகுதியில்தான் வெளியேறும் இணைப்பு இருக்கும். இணைப்பு கண்ணில் படாதவருக்கு எஞ்சியிருப்பது புகார் பொத்தான் மட்டுமே.


இருமுறைஒப்புதல்:

எல்லோரும் மீட்பைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் அனுமதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உரைக்குப் பதிவு செய்ய முகவரி தந்தவர் உரைக்காகத் தந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வாராந்தர மடல் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. 1978 மே மாதம் கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பியதையே முதல் ஸ்பேம் என்கிறோம். அதில் மோசடி எதுவும் இல்லை, பொருளும் உண்மையானதே. பெற்றவர்கள் கேட்கவில்லை என்பதுதான் குற்றம்.

முகவரி சரிபார்ப்புச் சேவையில் அந்த 6,500-ஐயும் கொடுத்துச் சுத்தம் செய்துகொண்டு மீண்டும் அனுப்பலாமே என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடும். அப்பெட்டி இயங்குகிறதா என்பதைத்தான் அச்சேவைகள் சொல்லும். அதன் உரிமையாளர் உங்களை விரும்புகிறாரா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. ஸ்பேம் பொறியும் இயங்கும் பெட்டியே.

இனிமேல் சேர்பவர்களுக்கு உறுதிப்படுத்தல் மடலைக் கட்டாயமாக்குங்கள். பிழையாகத் தட்டச்சு செய்த முகவரிகளும், படிவங்களில் பிறர் முகவரிகளைக் கொட்டிவிட்டுப் போகும் தானியங்கி நிரல்களும் அந்த வாசலிலேயே நின்றுவிடும். 2016-இல் பலரின் முகவரிகளை ஆயிரக்கணக்கான செய்திமடல் படிவங்களில் பதித்து அவர்களின் அஞ்சல் பெட்டிகளை மூழ்கடித்த தாக்குதல் நடந்தபோது, உறுதிப்படுத்தல் கேட்காத படிவங்கள்தாம் கருவிகளாயின.


ஏட்டுச்சுவடி:

எட்டு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். நடந்ததைப் பதிவு செய்வது எனக்கு உதவிய அனைவருக்கும் செய்ய வேண்டிய கடமை.

6,500 முகவரிகளையும் அன்றே நிறுத்தினேன். பழைய சேவையின் கணக்கு இன்னும் நான்கு நாள்களில் அழியவிருந்தது. நல்வேளையாக அதற்குள் சொடுக்கு விவரங்களைப் பதிவிறக்கிவிட்டேன். அதிலிருந்து 2,700 பேர் தேறினார்கள். ஒரே நொடியில் எல்லாவற்றையும் சொடுக்கியிருந்த 140 பேரை அதற்கு முன்பே ஒதுக்கிவிட்டேன். முதல் இரண்டு வாரங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. முயற்சி வீண் என்றே தோன்றியது. மூன்றாவது வாரம் புகார் விகிதம் 0.05-லிருந்து 0.09 ஆனது. முன்னெச்சரிக்கை இல்லாதிருந்தால் அன்றே கைவிட்டிருப்பேன். அதே வாரத்தில்தான் பதில் மடல்கள் வரத் தொடங்கின. இப்போது 6,800 பேருக்கு அனுப்புகிறேன். ஜிமெயிலில் நான் கேட்டுப் பார்த்த வாசகர்கள் அனைவருக்கும் மடல் இன்பாக்ஸில் வருகிறது. சிலருக்கு விளம்பரத் தாவலில் வருகிறது, அதைப் பொருட்படுத்தவில்லை. உறுதிப்படுத்தல் மடலைச் சரிசெய்த பின் புதிய சந்தாக்களும் பழைய அளவுக்கு வந்துவிட்டன.

ஒரு கவலை எஞ்சியிருக்கிறது. ஹாட்மெயில், அவுட்லுக் வாசகர்கள் ஏறத்தாழ 900 பேர். அவர்களில் பலருக்கு இன்னும் ஜங்க் பெட்டியில்தான் விழுகிறது. ஜிமெயிலுக்குப் பலித்த அதே முறை அங்கே ஏன் பலிக்கவில்லை?


வழங்கிக்காவலர்:

ஒவ்வோர் அஞ்சல் நிறுவனமும் தனக்கெனத் தனி நினைவை வைத்திருக்கிறது. ஓரிடத்தில் மீட்ட பெயர் இன்னோரிடத்தில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் ஐபி முகவரியின் வரலாற்றுக்கு ஜிமெயிலைவிடக் கூடுதல் எடை தருவதாகவே என் அனுபவம் சொல்கிறது. நீங்களோ பொதுத் தொகுப்பில் இருப்பவர். அண்டை வீட்டாரின் நடத்தையும் உங்களைப் பாதிக்கும்.

ஐபி முகவரிகளின் நிலையைக் காட்டும் எஸ்என்டிஎஸ், புகார் செய்தவர்களைத் தெரிவிக்கும் ஜேஎம்ஆர்பி என இரண்டு வசதிகளை மைக்ரோசாஃப்ட் தருகிறது. இரண்டும் ஐபி முகவரியின் உரிமையாளருக்கே கிடைக்கும் என்பதால் உங்கள் சேவையிடம்தான் கேட்க வேண்டும். எந்தெந்த ஐபி முகவரிகளிலிருந்து உங்கள் மடல்கள் போகின்றன, எஸ்என்டிஎஸ்-இல் அவற்றின் நிலை என்ன, ஜேஎம்ஆர்பி வழியாக வரும் புகார்களை உடனுக்குடன் பட்டியலிலிருந்து நீக்குகிறார்களா என்று மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். ஜிமெயில் இப்படிப் புகார் செய்தவரின் முகவரியைத் தருவதில்லை, மொத்த விகிதத்தை மட்டுமே காட்டும். ஆகவே யார் புகார் செய்தார் என்று தெரிந்துகொண்டு அவரை நீக்கும் வாய்ப்பு மைக்ரோசாஃப்ட், யாகூ போன்ற இடங்களில்தான் உண்டு. அதை வீணாக்க வேண்டாம்.

அந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், வேறு ஐபித் தொகுப்புக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். மாற்றினால், அந்த 900 பேரில் அண்மையில் சொடுக்கிய சிறு பகுதியினரிடமிருந்தே மீண்டும் தொடங்குங்கள். அந்த வாரம் பட்டியலில் வேறு எதையும் தொடாதீர்கள்.